மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் கேட்க வேண்டிய கேள்வி

நடக்கும்போது கால் தடுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தால் மாவுக்கட்டுப் போடுகிறார்கள். சில வாரங்களில் கை கூடிவிடுகிறது. இவ்வளவு சின்ன விழுகைக்கு எலும்பு ஏன் முறிந்தது என்று மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. 50 வயதைத் தாண்டியவர்கள் அவசியம் கேட்க வேண்டும். அதற்கான விடை பல நேரங்களில் எலும்புப்புரை, அதாவது எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் ஆஸ்டியோபொரோசிஸ் நோய்.

எலும்பு ஓயாமல் அரிக்கப்பட்டு மறுபடி கட்டப்படுகிறது. பெரியவர்களின் உடலில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீத எலும்பு இப்படிப் புதிதாகிறது. ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல் எலும்பின் மேல் ஒட்டி, ஓரங்களை இறுக மூடிக்கொண்டு அடியில் அமிலத்தைச் சுரக்கும். கால்சியம் உப்பு கரையும். மிஞ்சும் கொலாஜன் இழைகளை நொதிகள் அறுத்துவிடும். இரண்டு மூன்று வாரங்களில் ஒரு நுண்ணிய குழி விழுந்துவிடும். ஆனால் அதை ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் நிரப்பி முடிக்க மூன்று நான்கு மாதங்கள் ஆகும். ஒரே சமயத்தில் குழிகள் பெருகினால் நிரப்பும் வேலை பின்தங்கிப்போகும்.

அரிக்கும் செல்களை அடக்கி வைப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன். மாதவிடாய் நின்றதும் அது சரிவதால், அடுத்த 5 முதல் 7 ஆண்டுகளில் எலும்பு அடர்த்தி 20 சதவீதம் வரை குறையலாம். ஆண்களுக்கும் இந்த நோய் வரும். ஸ்டீராய்டு மாத்திரையை மூன்று மாதத்துக்கு மேல் எடுப்பவர்களுக்கு எந்த வயதிலும் வரலாம்.

பெரிய சேதம் முதுகெலும்பில். அதன் உட்புறம் மெல்லிய எலும்புத் தகடுகளும் தண்டுகளும் பின்னிய வலை. ஒரு தண்டு முழுதாக அறுந்துவிட்டால் அது மறுபடி சேர்வது அரிது. கட்டும் செல்களுக்குக் கால் ஊன்ற இடமே இருக்காது. முதுகெலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை முறிவு என்றே தெரியாமல், வயதானால் வரும் முதுகுவலி என்று விடப்படுகின்றன. இளமையில் இருந்த உயரத்தில் 4 செ.மீ. குறைந்திருந்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது.

எலும்பு அடர்த்தியை அளக்க டெக்ஸா ஸ்கேன் இருக்கிறது. சில நிமிடங்கள்தான், வலி கிடையாது. உங்கள் எலும்பு அடர்த்தியை ஆரோக்கியமான இளம் வயதினரின் அடர்த்தியோடு ஒப்பிடும் எண்தான் டி-ஸ்கோர். அது மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை. பெண்கள் 65 வயதில் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும்; சின்ன விழுகையிலேயே எலும்பு முறிந்தவர்கள் அதுவரை காத்திருக்கக் கூடாது.

தடுப்புக்கு முதல் வழி எலும்புக்குச் சுமை கொடுப்பது. எடையற்ற விண்வெளியில் வீரர்களின் இடுப்பெலும்பு அடர்த்தி மாதத்துக்கு 1 சதவீதத்துக்கு மேல் குறைகிறது. வேகநடை, படியேறுதல், எடை தூக்குதல் எல்லாம் உதவும். நீச்சல் இதயத்துக்கு நல்லது, எலும்புக்கு அவ்வளவு போதாது. நாளுக்கு 1000 முதல் 1200 மி.கி. கால்சியமும் வைட்டமின் டி-யும் தேவை. புகை கூடவே கூடாது.

நோய் வந்தபின் வெறும் கால்சியம் மாத்திரை போதாது. எலும்பு அரிக்கப்படுவதைத் தடுக்கும் மருந்து வேண்டும். அவற்றில் டெனோசுமாப் என்ற ஊசியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் போட வேண்டும். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று நடுவில் விட்டால், அடங்கியிருந்த எலும்பு அரிப்பு வேகமாகத் திரும்பி முதுகெலும்புகள் அடுத்தடுத்து முறியலாம். ஊசியை நிறுத்துவதென்றால், அதற்குப் பதில் எந்த மருந்து என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.