அந்த நாட்டுச் சம்பளத்தை எதனால் பெருக்குவது?

வெளிநாட்டு வேலைக்கான ஆஃபர் லெட்டரோடு என்னிடம் வருகிறவர்கள் உட்கார்ந்ததும் போனில் கால்குலேட்டரைத் திறப்பார்கள். சம்பளத்தை அன்றைய மாற்று விகிதத்தால் பெருக்கி, திரையை என் பக்கம் திருப்புவார்கள். "சார், இப்ப வாங்குறதைவிட நாலு மடங்கு. இதுல யோசிக்க என்ன இருக்கு?" நிதித் திட்டமிடல்தான் என் தொழில். இத்தனை வருடத்தில் அந்தத் திரையில் தெரிந்த எண் அப்படியே ஒரு குடும்பத்தின் வாழ்க்கையில் வந்து இறங்கி நான் பார்த்ததில்லை.

மாற்று விகிதத்தை ஆட்டிவைப்பவை வர்த்தகமும் முதலீடும் வட்டியும். வீட்டு வாடகையும் முடிவெட்டும் கூலியும் எல்லை தாண்டி விற்பனைக்குப் போவதில்லை. சம்பளம் உயர்ந்த நாட்டில் முடிவெட்டுகிறவரின் சம்பளமும் உயர்ந்ததுதான். கத்தரிக்கோல் என்னவோ அதே வேகத்தில்தான் ஓடுகிறது. அதனால்தான் உலக வங்கி ஒருங்கிணைக்கும் சர்வதேச ஒப்பீட்டுத் திட்டம், ஒரே மாதிரியான பொருளும் சேவையும் ஒவ்வொரு நாட்டிலும் என்ன விலை என்று திரட்டி, 'வாங்கும் திறன் சமநிலை' என்ற வேறொரு விகிதத்தைக் கணக்கிடுகிறது. சுருக்கமாக பி.பி.பி.

இதைப் படித்துவிட்டு வருகிறவர்கள் மறுபக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். முழுச் சம்பளத்தையும் பி.பி.பி. கணக்கில் போட்டு, "போய் ஒண்ணும் மிச்சமில்ல சார்" என்கிறார்கள். அதுவும் தப்புக் கணக்கு. அந்த நாட்டிலேயே செலவழியும் பணத்துக்குத்தான் பி.பி.பி. வீட்டுக்கு அனுப்பும் பணத்துக்கும், இங்கே அடைக்க வேண்டிய கடனுக்கும் மாற்று விகிதம்தான் பேசும். ஆகவே நான் சம்பளத்தை முதலில் இரண்டாகப் பிரிக்கச் சொல்வேன்: அங்கே கரைவது எவ்வளவு, அங்கிருந்து கிளம்புவது எவ்வளவு. தனியாளாகப் போய், அறையைப் பகிர்ந்துகொண்டு, பாதிக்கு மேல் அனுப்புகிறவருக்கு அந்த 'நாலு மடங்கு' ஓரளவு உண்மை. குடும்பத்தோடு போய் அங்கேயே பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவருக்கு அதே ஆஃபர் வேறு விடை தரும்.

அடுத்து, நாட்டின் தனிநபர் வருமானத்தைக் காட்டுவார்கள். அந்த எண்ணுக்கு அடிப்படை ஜி.டி.பி., அதாவது ஒரு நாட்டின் வருடாந்திர மொத்த உற்பத்தி மதிப்பு. அயர்லாந்தின் ஜி.டி.பி. 2015இல் ஏறக்குறைய 26 சதவீதம் உயர்ந்ததாகக் கணக்கு வந்தது. அந்த ஒரே வருடத்தில் அங்கிருந்த மக்களின் வாழ்க்கை கால்பங்கு உயர்ந்துவிடவில்லை. பெருநிறுவனங்கள் தங்கள் காப்புரிமை போன்ற சொத்துகளை அந்த நாட்டுக் கணக்கேட்டுக்கு மாற்றியதுதான் பெருங்காரணம். பிறகு அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே இதையெல்லாம் கழித்து, தனியாக ஓர் அளவீட்டை வெளியிடத் தொடங்கியது. லக்சம்பர்க் கதை இன்னும் வேடிக்கை. அங்கே வேலை பார்ப்பவர்களில் பாதிக்கு நெருக்கமானோர் பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனியிலிருந்து தினமும் வந்து போகிறவர்கள். அவர்கள் உழைப்பு நாட்டின் மொத்த உற்பத்தியில் சேர்கிறது. வகுக்கும்போது தலைக்கணக்கில் அவர்கள் இல்லை.

வருமானத்தை மட்டும் நம்பக் கூடாது என்றுதான் 1990இல் பாகிஸ்தான் பொருளாதார அறிஞர் மஹ்பூப் உல் ஹக் முயற்சியில் ஐ.நா.வின் மனித வளர்ச்சிக் குறியீடு வந்தது. ஆயுளும் கல்வியும் வருமானத்தோடு சேர்ந்தன. நல்ல அளவீடுதான், ஆனால் அதுவும் சராசரியே. ஏற்றத்தாழ்வைக் கழித்துக் காட்டும் பட்டியல் 2010 முதல் தனியாக வருகிறது. எனக்குப் பிடித்தது அதுதான்.

சராசரிகளை விட்டுவிட்டு ஒரு சம்பளச் சீட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் சீட்டில் வருமான வரி போக ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, வேலையிழப்புக் காப்பீடு, முதுமைப் பராமரிப்புக் காப்பீடு என்று நான்கு பிடித்தங்கள் இருக்கும். பார்த்ததும் வயிற்றைக் கலக்கும். அமெரிக்கச் சீட்டு பெரும்பாலும் இலகுவாகத் தெரியும். ஆனால் அங்கே காப்பீட்டு பிரீமியம் கட்டிய பிறகும், ஒரு தொகை வரை சிகிச்சைச் செலவைக் கைக்காசிலிருந்து கொடுத்த பின்தான் பல திட்டங்களில் காப்பீடு வேலை செய்யத் தொடங்கும். முதல் நாட்டில் முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறார்கள்; இரண்டாவது நாட்டில் நோய் வந்தபின் பில் வருகிறது. 'கையில் வரும் சம்பளம்' என்று இரண்டையும் ஒரே வரியில் எழுதி ஒப்பிடுவது அர்த்தமற்றது. மருத்துவத்துக்கு உலகிலேயே அதிகம் செலவழிக்கும் அமெரிக்காவில், கொரோனாவுக்கு முந்தைய 2019இல் சராசரி ஆயுள் 79ஐத் தொடவில்லை. அதைவிடப் பல மடங்கு குறைந்த வருமானம் கொண்ட கோஸ்டாரிகா அந்த ஆண்டு அதைத் தாண்டி நின்றது.

நேரத்தை யாரும் கணக்கில் எழுதுவதே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் வருடத்துக்கு நான்கு வாரச் சம்பள விடுப்பு சட்டப்படி குறைந்தபட்சம். அமெரிக்காவில் தனியார் நிறுவன ஊழியர்களுக்கு அப்படியொரு மத்தியச் சட்டம் கிடையாது, நிறுவனம் கொடுத்தால் உண்டு.

சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பதி வந்தார்கள். இருவருக்கும் வேலை, மூன்று வயதில் குழந்தை. ஆஃபர் கணவருக்கு. வழக்கம்போல் பெருக்கல் முடிந்தது. அதுவரை பேசாமலிருந்த மனைவி, "சார், நான் அங்க வேலைக்குப் போகலாமா?" என்று கேட்டார். கணவர், "டிபெண்டன்ட் விசாதானே, போகலாம்னு நினைக்கிறேன்" என்றார். நினைப்பதற்கு இடமே இல்லாத கேள்வி அது. அமெரிக்காவின் ஹெச்-4 விசாவில் போகிற துணைக்கு, கணவர் அல்லது மனைவியின் கிரீன் கார்டு விண்ணப்பம் ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான் பொதுவாக வேலை அனுமதி. அதுவும் 2015இல்தான் வந்தது. வேறு பல நாடுகளில் முதல் நாளே வேலைக்குச் சேரலாம்.

ஒரு சம்பளத்தை ஒரு சம்பளத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள், இரண்டு சம்பளத்தை ஒன்றோடு ஒப்பிட வேண்டும் என்று தெரிந்ததும் அந்த நாலு மடங்கு பாதியாகிவிட்டது. இன்னும் வாடகைகூட எழுதவில்லை. காகிதத்தை மனைவி பக்கம் தள்ளினேன். சம்பளக் கணக்கை விட்டுவிட்டு, அந்தப் பெண் எழுதிய முதல் வரி: 'சாயங்காலம் பாப்பாவை யார் கூட்டிட்டு வரப் போறது?' அடுத்தது, குடும்பத்துக்கான காப்பீடு எந்தத் தேதியிலிருந்து. மூன்றாவதை நான் சொன்னேன்: திரும்பி வந்தால், அங்கே கட்டிய ஓய்வூதியப் பணம் என்னாகும், இரு நாடுகளுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறதா.

மூன்றையும் நிறுவனத்தின் ஹெச்.ஆர்.க்கு மெயிலில் கேட்டார்கள். இரண்டுக்குப் பதில் வந்திருக்கிறது. பாப்பா விஷயம் ஹெச்.ஆர். பதில் சொல்லக்கூடியது இல்லை என்று கணவர் சொன்னாராம். "அப்ப நீங்க சொல்லுங்க" என்று மனைவி சொல்லியிருக்கிறார்.