மாட்டுத் தீவனக் கடன்: நகையைக் கழற்றுவதற்கு முன்

சித்திரை பிறந்தால் காங்கயம் பக்கத்துக் கொரங்காடுகளில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலங்களில், கொழுக்கட்டைப்புல் சருகாகிவிடும். மாடு கிளுவை வேலிக்குள் நாள் முழுக்க மேய்ந்தாலும் வயிறுதான் நிரம்பும், உடம்பு தேறாது. மக்காச்சோள மாவு, தவிடு, மரவள்ளித் திப்பி என்று ஏதாவது வைத்தால்தான் விலா எலும்பு தெரியாமல் மழை வரை ஓட்டலாம். அதற்குக் கையில் காசு வேண்டும்.

அந்தக் காசுக்கு வழி கிசான் கிரெடிட் கார்டு, அதாவது விவசாயிகளுக்கு வங்கி தருகிற குறைந்த வட்டிக் கடன் அட்டை. 2018-19 பட்ஜெட்டில் அதைக் கால்நடை வளர்ப்புக்கும் நீட்டினார்கள். தீவனம், மருந்து, ஆள்கூலிக்கு வாங்கலாம். மாடு வாங்க இது கிடையாது. 2 லட்சம் வரை 7 சதவீத வட்டி, கெடுவுக்குள் கட்டினால் 4 சதவீதம்தான். திட்டம் இவ்வளவுதான். மக்கள் மாட்டிக்கொள்வது வங்கி வாசலில்.

எனக்குத் தெரிந்த ஒரு அக்காவுக்கு நான்கு மாடு. மஞ்சப்பையில் காகிதங்களோடு ஐந்து முறை வங்கிக்கு நடந்தார். ஒரு நாள் பட்டா கேட்டார்கள். ஒரு நாள் சங்கத்தில் பால் ஊற்றும் புத்தகம் கேட்டார்கள். ஒரு நாள் மேனேஜர் லீவு. ஐந்தாம் முறை, "செயின் இருக்குல்ல, நகைக்கடனா போட்டுக்கலாம், இன்னிக்கே பணம்" என்றார்கள். கழுத்தில் கிடந்த ஒன்றரைப் பவுனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அவரிடம் கேட்டது எதுவும் சரியில்லை. பட்டா கேட்டார்களே, மாட்டுக் கொட்டகை சொந்தமாக இருக்க வேண்டும் என்றே இல்லை, வாடகையோ குத்தகையோ போதும் என்கிறது ரிசர்வ் வங்கியின் தகுதி வரையறை. சங்கத்தில் பால் ஊற்ற வேண்டும் என்றும் அதில் இல்லை. 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் வரையிலான விவசாயக் கடனுக்கு, கால்நடைக்கும் சேர்த்து, அடமானம் கேட்கக் கூடாது.

இங்கேதான் பெரிய பொறி. நீங்களாக விருப்பப்பட்டு நகை வைத்தால் அது விதிமீறல் ஆகாது என்று 2025 ஜூலையில் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. அதனால் நீட்டுகிற தாளில் "என் விருப்பத்தின் பேரில்" என்று ஒரு வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். போட்ட பிறகு யாரிடம் போய் முறையிட்டாலும் அந்த வரியைத்தான் காட்டுவார்கள்.

அடுத்தது ஒப்புகைச் சீட்டு. முழுமையான விண்ணப்பத்துக்கு 14 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் மனுவைக் கையில் வாங்கினால்தானே நாள் கணக்கு ஓடும்! "அடுத்த வாரம் வாங்க" என்று திருப்பி அனுப்புவதெல்லாம் அதற்குத்தான். தேதியும் முத்திரையும் போட்ட ஒப்புகை வாங்காமல் நகராதீர்கள். தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கடன் கிடையாது என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளாகியும் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். எப்படி என்று கேட்க 14448-க்குப் போன் போடுங்கள்.

கடன் கிடைத்ததும் மொத்தத்தையும் எடுத்துவிடாதீர்கள். எடுத்த பணத்துக்குத்தான் வட்டி. மாசி, பங்குனியில் தீவனம் வாங்க வேண்டியதை மட்டும் எடுங்கள்.

அப்புறம், வருடக் கடைசியில் வட்டியை மட்டும் கட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. அசலையும் கெடுவுக்குள் கட்டினால்தான் அந்த 3 சதவீதச் சலுகை. ஒரு நாள் தாண்டினாலும் போச்சு. கெடுத் தேதியை, கடன் வாங்குகிற அன்றைக்கே பாஸ்புக்கில் எழுதித் தரச் சொல்லுங்கள்.