உப்புக்கல் ஏன் கனசதுரமாக விளைகிறது?

கல் உப்பைக் கொஞ்சம் கறுப்புத் தாளில் கொட்டி லென்ஸ் வைத்துப் பாருங்கள். உடைந்ததும் மழுங்கியதும் போக, ரம்பம் வைத்து அறுத்தாற்போல் செங்கோண மூலைகளோடு சில கற்கள் தெரியும்.

உள்ளே அணுக்களே அப்படித்தான் அடுக்கியிருக்கின்றன என்பார்கள். உண்மைதான். ஒவ்வொரு சோடியம் அயனிக்கும் (அயனி என்றால் மின்னூட்டம் பெற்ற அணு; சோடியம் நேர், குளோரைடு எதிர்) மேலே, கீழே, நாலு பக்கமும் என்று ஆறு குளோரைடு அயனிகள், ஒவ்வொரு குளோரைடுக்கும் அதேபோல ஆறு சோடியம், இப்படியே நீண்டு ஒரு மில்லிமீட்டர் ஓரத்தில் சுமார் 35 லட்சம் அயனிகள் வரிசையாக நிற்கும். எக்ஸ் கதிரைக் கொண்டு 1913-இல் இதைக் காட்டியவர் இயற்பியலாளர் லாரன்ஸ் பிராக். தனி உப்பு மூலக்கூறு என்று எதுவும் இதில் இல்லை என்பதைப் பல வேதியியலாளர்களால் ஜீரணிக்க முடியவில்லை; ஹென்றி ஆம்ஸ்ட்ராங் 1927-இல்கூட நேச்சர் இதழில் இந்தச் சதுரங்கப் பலகை அடுக்கைக் கிண்டலடித்து எழுதினார்.

ஆனால் அடுக்கு மட்டும் உருவத்தைத் தீர்மானிப்பதில்லை. அதே அடுக்கை வைத்து எட்டு முக்கோண முகங்கள் கொண்ட எண்முகியும் கட்டலாம். சிறுநீரிலிருந்து எடுத்த உப்பு அப்படித்தான் விளைகிறது என்று 1783-லேயே பிரெஞ்சுப் படிகவியலாளர் ரோமே தெ லில் எழுதியிருக்கிறார்!

விஷயம் வளரும் வேகத்தில் இருக்கிறது. கனசதுர முகத்தில் இரண்டு வகை அயனிகளும் மாறி மாறி இருப்பதால் அது சமதளம். புதிதாக வரும் அயனிக்கு அங்கே பிடிமானம் கீழே உள்ள, மாற்று மின்னூட்டம் கொண்ட ஒரே ஒரு அயனிதான், அதனால் பெரும்பாலும் ஒட்டாமல் நீருக்கே திரும்பிவிடும். மூலையைச் சீவினாற்போன்ற முக்கோண முகத்தில் மூன்று அயனிகள் பிடித்துக்கொள்ளும், ஆகவே அது கிடுகிடுவென்று வளரும். வேகமாக வளரும் முகம் வெளியே தள்ளிக்கொண்டே போய்க் கூராகி, கடைசியில் காணாமலே போகும். மிஞ்சுவது சோம்பேறி முகங்கள் ஆறும்தான்! சிறுநீரில் உள்ள யூரியா முக்கோண முகத்தில் ஒட்டி அதன் வேகத்தைக் குறைப்பதால்தான் அங்கே எண்முகி.

வெயிலில் நீர் சீக்கிரம் வற்றும்போது இன்னொரு கூத்து. ஓரங்களுக்கும் மூலைகளுக்கும் உப்பு அதிகம் கிடைக்கும், நடுமுகம் பட்டினி கிடக்கும், அதனால் முகங்கள் படிப்படியாக உள்வாங்கிப் பள்ளமாகிவிடும். உப்புநீரின் மேற்பரப்பில் மிதந்தபடி வளர்கிற கல், தலைகீழாகக் கவிழ்த்த பிரமிடு மாதிரி உள்ளே குழிவாக இருப்பதும் இதே வகைதான்.

சில தூள் உப்புப் பாக்கெட்டுகளில் 536 என்றொரு எண் இருக்கும். அது பொட்டாசியம் பெர்ரோசயனைடு. கனசதுர முகங்களிலேயே உட்கார்ந்து அவற்றின் வளர்ச்சியைத் தடுக்கும். ஈரம் பட்டுக் காயும் உப்பு கெட்டிப்படாமல், மரக்கிளை போல மெலிதாக விளைந்து தொட்டதும் உதிர்ந்துவிடும்.