படகோனியா போகிறீர்களா? காற்றைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்

தென் அமெரிக்காவுக்குக் குழுக்களை அழைத்துப்போவதுதான் என் தொழில். படகோனியா என்றதும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "எவ்வளவு குளிரும் சார்?" காற்று எப்படி இருக்கும் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. ஆனால் அங்கே திட்டத்தைக் குலைப்பதும் ஆளைக் கீழே தள்ளுவதும் காற்றுதான்.

சிலியும் அர்ஜென்டினாவும் பங்குபோட்டிருக்கிற, கண்டத்தின் தெற்கு நுனி அது. அந்த அட்சரேகையில் உலகத்தைச் சுற்றி வந்தால் பெரும்பாலும் கடல்தான். அதனால் மேற்குக்காற்று பசிபிக் முழுக்கத் தடையில்லாமல் ஓடிவந்து ஆண்டீஸ் மலையில் முட்டி, சுமந்துவந்த ஈரத்தையெல்லாம் மழையும் பனியுமாகக் கொட்டிவிட்டு, வறண்டுபோய்க் கிழக்கே இறங்குகிறது. மலையில் காடும் பனியாறும், கிழக்கே கண்ணுக்கெட்டிய தூரம் புல்லும் முட்புதரும் குவானகோ என்ற ஒட்டக இன விலங்குகளின் கூட்டமும் இருப்பது இதனால்தான். ஏரிக்குள் இடிந்து விழும் நீலப்பனியைப் பார்க்க எல்லாரும் போகிறார்களே பெரித்தோ மொரேனோ பனியாறு, சுமார் 5 கிலோமீட்டர் அகல முகப்பு, அதுவும் இந்தக் காற்று கொண்டுவந்து சேர்த்த ஈரம்தான்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே கோடை. கோடைதானே என்று இருந்துவிடாதீர்கள், காற்று உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். சிலியிலுள்ள டோரஸ் டெல் பைனே தேசியப் பூங்காவில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவன் நான், அதற்கு அர்த்தம் அங்கேதான் புரிந்தது. ஒரு முறை சால்டோ கிராண்டே அருவிப் பக்கம் எங்கள் குழுவில் ஓர் அம்மா, அறுபது வயதிருக்கும், போட்டோவுக்காக போன்சோவோடு (தலைவழியாகப் போட்டுக்கொள்ளும் தொளதொள மழைப்போர்வை) திரும்பி நின்றார். போன்சோ பாய்மரம் மாதிரி விரிந்தது, அடுத்த நொடி தரையில் கிடந்தார். மணிக்கட்டு முறிந்துவிட்டது. மருத்துவமனைக்குப் புவேர்ட்டோ நடாலெஸ் ஊர் வரை வர வேண்டும், வண்டியில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம், வழியெல்லாம் அவர் வலியில் துடித்தார். போன்சோ வேண்டாம் என்று கிளம்பும்போதே நான் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது கண்டிப்பாகச் சொல்கிறேன். குடை, போன்சோ இரண்டும் வேண்டாம், உடம்போடு ஒட்டிய மழைச்சட்டை போதும். பைக்கு மேலே போடும் உறையைக் காற்று பிடுங்கிக்கொள்ளும், அதனால் உள்ளே பெரிய பிளாஸ்டிக் பை வைத்துத் துணியை அதில் போடுங்கள். வீசியடிக்கும்போது நின்று சமாளிக்கப் பார்க்காமல் அப்படியே குந்திவிடுங்கள். வாடகைக் காரைக் காற்றைப் பார்த்த மாதிரி நிறுத்திவிட்டு, கதவை இரண்டு கையாலும் பிடித்துத் திறங்கள். கீல் முறிந்தால் பல இடங்களில் காப்பீடு கிடைக்காது.

ஏரிகளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மலையேற்ற உடை, கருவிகள் விற்கும் நார்த் ஃபேஸ் நிறுவனத்தைத் தொடங்கிய டக்ளஸ் டாம்ப்கின்ஸ், படகோனியாவில் லட்சக்கணக்கான ஏக்கர் நிலத்தை வாங்கிக் காப்பாற்றியவர், அந்த மண்ணை நன்றாக அறிந்தவர். 2015 டிசம்பரில் ஹெனரல் கரேரா ஏரியில் காற்று கிளப்பிய அலையில் அவருடைய கயாக் என்ற சிறு துடுப்புப் படகு கவிழ்ந்தது. தண்ணீரின் குளிரில் உடல் வெப்பம் இறங்கி இறந்துபோனார்.

அப்புறம் நெருப்பு. டோரஸ் டெல் பைனேயில் 2005-இல் ஒரு பயணியின் அடுப்பிலிருந்து தீ பிடித்தது. 2011 கடைசியில் இன்னொரு தீ, இதற்கும் காரணம் ஒரு பயணிதான் என்றார்கள். ஒவ்வொன்றிலும் 10,000 ஹெக்டேருக்கு மேல் போனது, காற்று அப்படி விரட்டியது. அந்தக் காடுகளில் இருக்கும் லெங்கா மரம் நிதானமாக வளரும் ஜாதி. வெந்து வெளுத்த மரங்கள் நிற்கிற சரிவைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும். டீ போடத்தானே என்று கண்ட இடத்தில் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். அனுமதித்த இடத்தில் மட்டும்தான், அதிலும் காற்று பலமாக இருந்தால் பிஸ்கட்டும் பேரீச்சம்பழமும் தின்று சமாளியுங்கள்.

கடைசியாகப் பயணத்திட்டம். அர்ஜென்டினாவின் மலையடிவார ஊரான எல் சால்டனுக்கு ஒரே நாள் ஒதுக்கி, அங்கிருக்கும் ஃபிட்ஸ் ராய் சிகரத்தைப் பார்த்தே தீருவேன் என்று காற்றில் கிளம்புகிறவர்களைத்தான் நான் அதிகம் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு நாள் கூடுதலாக வையுங்கள். போன முறை மூன்று நாள் மேகத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை, நாலாம் நாள் விடியற்காலையில் காற்று நின்றது, 3,405 மீட்டர் பாறை முழுவதும் செக்கச்செவேலென்று நின்றது.