பொறுப்புடைமையா, கணக்குக் காட்டும் கடமையா?

எங்கள் ஊர் கிராம சபையில் "வெளிப்படைத்தன்மையும் பொறுப்புடைமையும் உறுதி செய்யப்படும்" என்று ஒரு வரியை வாசித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, "அப்படின்னா என்னங்க தம்பி?" என்றார். "செலவழிச்ச காசுக்குக் கணக்குச் சொல்லணும்னு அர்த்தம்க்கா" என்றதும், "அதை அப்படியே சொல்ல வேண்டியதுதானே" என்றார். அவர் சொன்னதுதான் சரி.

பொறுப்புடைமை என்பது அக்கவுண்டபிலிட்டி என்ற ஆங்கிலச் சொல்லின் மொழிபெயர்ப்பு. அந்த ஆங்கிலச் சொல்லுக்குள்ளேயே கணக்கு இருக்கிறது. லத்தீனில் எண்ணுவதைக் குறித்த வினை, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், ஒப்படைத்த பொருளுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டிய நிலை என்று ஆனது. வேர் அவ்வளவுதான்.

நம் மொழிபெயர்ப்பாளர்கள் அதிலிருந்து கணக்கைத் தூக்கிவிட்டுப் பொறுப்பை வைத்துவிட்டார்கள். பொறுப்பு, பொறுத்தல் என்ற வினையில் பிறந்தது, அதாவது சுமப்பது. குடிநீர்த் தொட்டியைக் கழுவுவது ஊராட்சியின் பொறுப்பு, சரி. கழுவினார்களா, எத்தனை முறை, பிளீச்சிங் பவுடருக்கு எவ்வளவு ஆனது என்று மக்கள் கேட்டால் பதில் வைத்திருக்க வேண்டும் என்பது வேறு விஷயம். முன்னது வேலைக்கு முன்னால் வருவது, பின்னது வேலை முடிந்த பிறகு வருவது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்ததால், "நாங்கள் பொறுப்போடுதான் செய்கிறோம்" என்று சொல்லியே ஒருவர் தப்பித்துவிட முடிகிறது. கணக்கு என்று கேட்டிருந்தால் ரசீதை எடுத்து வைத்தாக வேண்டும். இலங்கைத் தமிழில் வழங்கும் பொறுப்புக்கூறல் இதைவிட மேல், கூற வேண்டும் என்பதாவது அதில் இருக்கிறது. ஆனால் யாரிடம், எதைக் கூறுவது என்பது அதிலும் தெளிவில்லை.

கணக்கு என்றால் பணம் மட்டும்தானே என்று கேட்பார்கள். இல்லை. "எந்தக் கணக்கில் இப்படிச் செய்தாய்?" என்று கேட்கும்போது நாம் காசையா கேட்கிறோம்? காரணத்தைக் கேட்கிறோம். நல்லாயிருந்த சிமென்ட் சாலையை ஏன் மறுபடி போட்டீர்கள் என்ற கேள்வியும் அந்தச் சொல்லுக்குள் அடக்கம்.

"கணக்குக் காட்டுவது" என்பது நானாகக் கட்டிய சொல்லும் இல்லை. கி.பி. 920 வாக்கில், சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில், அதாவது ஊர் நிர்வாகக் குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர்கள் பெயரைக் குடவோலைத் தேர்தலில் இடக்கூடாது என்கிறது, அவர்களுடைய நெருங்கிய உறவினர் பெயரையும் சேர்த்து. கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி பதவி இல்லை என்பதைவிட நேரான உள்ளாட்சிச் சீர்திருத்தம் எது? 1990களில் ராஜஸ்தான் கிராமங்களில் பஞ்சாயத்துச் செலவு ஆவணங்களை ஊர் நடுவே வாசித்து, செய்யாத வேலைக்கு எழுதிய கூலியைக் கண்டுபிடித்த மக்களும் "நம் பணம், நம் கணக்கு" என்றுதான் இந்தியில் முழங்கினார்கள். அந்தப் போராட்டம் 2005 தகவல் உரிமைச் சட்டம் வரை வந்தது.

அதனால் நான் எழுதுவது "கணக்குக் காட்டும் கடமை". மூன்று சொல்லாகிறது, நீளம் என்பார்கள். "பொறுப்புடைமையை உறுதிப்படுத்துதல்" மட்டும் என்ன குட்டையா? அரசாணையை மொழிபெயர்ப்பவர்கள் ஒரே ஒருமுறை கிராம சபையில் தரையில் உட்கார்ந்து, தாங்கள் எழுதிய வரியைக் காதால் கேட்டுப் பார்க்கட்டும். அன்றைக்கு அந்த அக்கா எழுந்து "மோட்டார் ரிப்பேருக்குக் கணக்கு என்னங்க?" என்றார். பின்னால் இருந்த பெண்களும் சேர்ந்து கேட்க ஆரம்பித்தார்கள், அப்புறம்தான் பதிவேடு வெளியே வந்தது.