போஸ்டரில் எழுதும் ஒரு வரி வாசலில் என்ன செய்கிறது

‘இரவு 10 மணி வரை அனுமதி இலவசம்.’ டர்பனில் சொந்தப் பணம் போட்டு நைட் கிளப் நடத்துகிறவர்கள் போஸ்டரில் யோசிக்காமல் சேர்க்கிற வரி இது. எலக்ட்ரானிக் இசை இரவுக்கு ஆள் சேர்க்க இதைவிட மலிவான வழி இல்லை என்று தோன்றும். வாசலில் நிற்கிறவர்களுக்குத்தான் இதன் விலை தெரியும்.

ஒரு வரிசை, ஒரு காவலர், பை சோதனை, டிக்கெட் ஸ்கேன், கையில் முத்திரை. இத்தனையும் ஒழுங்காகச் செய்தால் நிமிடத்துக்கு 5 பேர் உள்ளே போகலாம். இலவசம் என்றதும் யாரும் 8 மணிக்கு வருவதில்லை, எல்லோரும் 9.40-க்குத்தான் வருகிறார்கள். 180 பேர் அந்த 20 நிமிடத்தில் வந்தால் 100 பேர் நுழைந்திருப்பார்கள், 80 பேர் வெளியே நிற்பார்கள். மணி 10 ஆனதும் காசு கேட்டால் சண்டை வரும். கேட்காமல் விட்டால் வருமானம் போகும். இரண்டுக்கும் நடுவில் காவலர் சோதனையைக் கைவிட்டுக் கூட்டத்தை அப்படியே உள்ளே தள்ளுவார். அன்றிரவு உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கணக்கு அந்த நிமிடத்தோடு போய்விடும்.

ஆகவே கணக்கை இடத்திலிருந்து தொடங்கிப் போஸ்டருக்கு வாருங்கள். தென்னாப்பிரிக்கக் கட்டட விதிகளின்படி, நிலையான இருக்கை இல்லாத கேளிக்கை இடத்துக்குச் சதுர மீட்டருக்கு ஒருவர் என்பதே வடிவமைப்புக் கணக்கு. பார் மேடைக்குப் பின்புறம், ஸ்டோர், கழிப்பறை எல்லாவற்றையும் கழித்து 180 சதுர மீட்டர் மிஞ்சினால் 180 பேர். வெளியேறும் கதவுகளின் அகலம் போதவில்லை என்றால் எண் இன்னும் குறையும். நகராட்சித் தீயணைப்புப் பிரிவு உங்கள் இடத்துக்கு எழுதித் தந்திருக்கும் எண்தான் இறுதி. அதை அலுவலக அறையில் மாட்டி வைத்தால் போதாது, வாசலில் நிற்பவர் கண்ணில் படவேண்டும்.

அந்த 180-உம் டிக்கெட்டாக விற்கும் எண் இல்லை. பார், வாசல், துப்புரவு, ஒலி என்று 15 பணியாளர்கள் இருப்பார்கள். ஐந்து டிஜேக்கள் ஆளுக்கு ஐந்து நண்பர்களோடு வந்தால் அதுவே 30. ‘டிஜேயோடு இருவர் மட்டும்’ என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் அது 15 ஆகும். மீதியில் இன்னொரு 10-ஐ விருந்தினர் பட்டியலுக்கு ஒதுக்கினால், விற்கக்கூடியது 140.

இனிப் பணம். டிக்கெட் 120 ராண்ட் என்று வைத்துக்கொள்வோம். 140 பேருக்கு 16,800 ராண்ட். வெளியூர் டிஜேக்கு 6,000, உள்ளூர்க்காரர் நால்வருக்குச் சேர்த்து 4,500, காவலர் நால்வருக்கு ஆளுக்கு 700, முதலுதவியாளருக்கு 2,000, ஜெனரேட்டர் டீசலும் விளம்பரமும் 1,500. கூட்டிப் பாருங்கள், மொத்தம் அதே 16,800. அதாவது, டிக்கெட் முழுவதும் விற்றால்தான் வாசல் கணக்கு சமப்படும். இதைக் கண்டதும் பலருக்கு வருகிற யோசனை ‘இன்னும் 60 பேரை விட்டால் லாபம்’ என்பது. அந்த யோசனையை அங்கேயே நிறுத்துங்கள். அறைக்கு மீறிய சம்பளத்துக்கு டிஜேயைப் பேசியதுதான் இங்கே தவறு. வெளியூர்ப் பெயரை மாதத்துக்கு ஒருமுறை வைத்துக்கொண்டு, மற்ற வாரங்களை உள்ளூர்க்காரர்களிடம் கொடுங்கள். குவோம் என்ற எலக்ட்ரானிக் நடன இசை பிறந்தது டர்பனைச் சுற்றியுள்ள கறுப்பினத்தவர் குடியிருப்புகளான டவுன்ஷிப்களில்தான். அந்த ஊரில் இருந்துகொண்டு வாசிக்க ஆள் இல்லை என்று ஒரு கிளப் சொல்லக் கூடாது.

இலவச அனுமதிக்குப் பதில் முன்விற்பனையில் படிகள் வையுங்கள். முதல் 40 டிக்கெட் 80 ராண்ட், அடுத்த 60 டிக்கெட் 120, மீதி 150. சராசரி ஏறக்குறைய அதே 120-தான் வரும். குவிக்கெட் போன்ற டிக்கெட் விற்பனைத் தளங்களில் ஒவ்வொரு படிக்கும் எண்ணிக்கை வரம்பு போட முடியும். பணம் கட்டாமல் ‘வருகிறேன்’ என்று வாட்ஸ்அப்பில் சொன்னவர்களை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

யார் எத்தனை மணிக்கு வாசிக்கிறார் என்பதைப் போஸ்டரிலேயே போடுங்கள். நேரத்தை மறைத்தால் ஆட்கள் சீக்கிரம் வருவார்கள் என்று ஒரு நம்பிக்கை உண்டு. நடப்பது நேர்மாறு: எல்லோரும் நள்ளிரவை ஊகித்து ஒரே நேரத்தில் வருகிறார்கள். 9.00 முதல் 10.30 வரை நிமிடத்துக்கு 112 துடிப்பில் அமாபியானோ என்ற நிதானமான நடன இசை, பிறகு 2.00 வரை 126-ஐ ஒட்டிய குவோம் என்று தெரிந்தால், அமாபியானோவுக்கு வருகிறவர்கள் 9 மணிக்கே வந்துவிடுவார்கள். வரிசை தானாகவே இரண்டாகப் பிரிந்துவிடும்.

தேதிக்கு ஒரு வார்த்தை. சம்பளம் 25-ஆம் தேதியை ஒட்டி வருகிற ஊர் இது. அதற்கடுத்த வெள்ளியும் சனியும் நிரம்பும், 15-ஐ ஒட்டிய வாரம் காயும். டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துத் தமிழ் வீடுகளில் புரட்டாசி விரதம் இன்னும் கண்டிப்பாக நடக்கிறது. கறியும் மதுவும் தொடாத அந்த மாதத்தில் பெரிய இரவை வைத்துவிட்டுக் கூட்டம் வரவில்லை என்று விளம்பரத்தைக் குறைசொல்வதில் பயனில்லை. தைப்பூசக் காவடி, பெரிய வெள்ளியன்று நடக்கும் தீமிதி, ஆடி மாதக் கூழ் ஆகியவற்றைக் கோயில் நாட்காட்டியில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஜூலை முதல் சனி டர்பன் ஜூலை குதிரைப் பந்தயம். அன்று ஊர் முழுக்கக் கூட்டம், நல்ல காவலர்களை மற்றவர்கள் முன்பே பேசி வைத்திருப்பார்கள்.

2000 மார்ச் 24 சாட்ஸ்வொர்த் மறக்கக் கூடாத நாள். த்ராப் என்ற நைட் கிளப்பில் பள்ளித் தவணை முடிந்த கொண்டாட்டத்துக்கு வந்திருந்த பிள்ளைகள் நடுவே கண்ணீர்ப்புகைக் குப்பி ஒன்று திறக்கப்பட்டது. வெளியே ஓடிய நெரிசலில் 13 பிள்ளைகள் இறந்தார்கள். 2003 பிப்ரவரி 17 அன்று சிகாகோவின் இ2 கிளப்பில் காவலர்கள் சண்டையை அடக்க மிளகு ஸ்பிரே அடித்தார்கள். படிக்கட்டில் ஆள்மேல் ஆள் விழுந்து 21 பேர் போனார்கள். இரண்டிலும் ஒரே வழிமுறையைப் பார்க்கலாம். மூடிய அறையில் கண்ணையும் மூச்சையும் எரிக்கும் எதுவானாலும், என்ன நடந்தது என்று தெரியாதவர்கள் வந்த வழியை நோக்கியே ஓடுவார்கள். முன்னால் விழுந்தவரைப் பின்னால் இருப்பவர் பார்க்க முடியாது, அதனால் தள்ளுவதை நிறுத்தவும் மாட்டார்.

இதிலிருந்து இரண்டு கட்டளைகள். உங்கள் காவலர் யாரும் கிளப்புக்குள் ஸ்பிரே வைத்திருக்கக் கூடாது. வாசல் சோதனையில் முதலில் தேடவேண்டியதும் அதைத்தான், பாட்டிலை அடுத்துப் பார்க்கலாம். பெண்கள் தற்காப்புக்காகப் பையில் வைத்திருப்பது இந்த நாட்டில் சகஜம். பறித்துக் குப்பையில் போடாதீர்கள். எண் சீட்டுப் போட்டு வாங்கி வைத்து, திரும்பும்போது கொடுங்கள். காவலர்கள் தனியார் பாதுகாப்புத் துறை ஒழுங்காணையத்தில் பதிவு செய்தவர்கள்தானா என்று பதிவு எண்ணை வாங்கி முன்பே சரிபாருங்கள். தெரிந்த பையன், உடம்பு இருக்கிறது என்பதெல்லாம் தகுதி ஆகாது.

பின்கதவைப் பற்றிச் சற்று நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிளப்களில் திரும்பத் திரும்பக் காணும் குறை அதுதான். திருட்டுப் பயத்தில் இங்கே ஒவ்வொரு பின்கதவுக்கும் இரும்புக் கிரில் போட்டுப் பூட்டு மாட்டியிருப்பார்கள். பகலில் அது நியாயம். இரவிலும் பூட்டியே இருப்பது உள்ளே இருக்கும் நண்பர் கதவைத் திறந்து காசில்லாமல் ஆள் ஏற்றிவிடுவார் என்பதால். சாவி மேலாளர் பையில் இருக்கும், மேலாளர் பாரில் இருப்பார். இதற்குத் தீர்வு கடினமானதல்ல. கிரிலைத் திறந்து சுவரோடு சங்கிலியால் கட்டுங்கள், அது மூடிக்கொள்ளவே முடியாதபடி. கதவில் இடுப்பு உயரத்தில் தள்ளினால் திறக்கும் கம்பியும், திறந்ததும் அலறும் பேட்டரி அலாரமும் பொருத்துங்கள். காசில்லாமல் ஆள் ஏறுவதை அலாரம் சொல்லிவிடும். கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். அதற்கு அப்பால் இரண்டு மீட்டருக்குள் குப்பைத்தொட்டியோ கார்களோ பீர் கிரேட்டோ நிற்கக் கூடாது. ஒவ்வொரு இரவும் கதவு திறக்கும் முன் ஒருவர் உள்ளிருந்து அந்தக் கம்பியைத் தள்ளி, தெரு வரை நடந்து போய், அங்கிருந்து முன்வாசல் வழியாகத் திரும்பி வரவேண்டும். கண்ணால் பார்த்தால் போதாது, நடக்க வேண்டும்.

அடுத்து ஒலி. பக்கத்து வீட்டு ஆன்ட்டி புகார் கொடுத்ததும் கிளப்காரர்கள் வாங்குகிற முதல் பொருள், முட்டை அட்டை வடிவ நுரைப்பஞ்சு. அது அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், பேஸை, அதாவது தாழ்ந்த அதிர்வொலியை, நிறுத்தாது. 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 7 மீட்டர். ஐந்து சென்டிமீட்டர் பஞ்சு அதற்கு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் தீப்பொறிக்கு அது மிகப் பெரிய பொருட்டு. 2003-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஸ்டேஷன் கிளப்பில் மேடை வாணவேடிக்கை இப்படிப்பட்ட பஞ்சில் பற்றி 100 பேர் இறந்தார்கள். 2013-இல் பிரேசிலின் சாந்தா மரியாவில் கிஸ் கிளப்பின் கூரைப் பஞ்சு எரிந்தது, 242 பேர் போனார்கள். மேடையில் வாணம், பாட்டிலில் செருகிக் கொளுத்தும் மத்தாப்பு இரண்டும் கிளப்புக்குள் வேண்டவே வேண்டாம். எதிரொலிக்குத் தீப்பிடிக்காத கனிமக் கம்பளியைத் தீத்தடுப்புத் துணியில் போர்த்திப் பயன்படுத்துங்கள்.

பேஸ் வெளியே போவதைத் தடுப்பது கனமும் இடைவெளியும். முன்வாசலில் இரண்டு கதவுகளும் நடுவே ஒரு சிறு முகப்பறையும் இருந்தால், ஒன்று திறக்கும்போது மற்றது மூடியிருக்கும். தெருவில் கேட்கும் சத்தத்தில் பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும். பேஸுக்கான ஸ்பீக்கர்களான சப்வூஃபர்களை அறையின் இரு மூலைக்கும் பிரிக்காமல் நடுவில் ஒட்டி வையுங்கள். பிரித்தால் நடுக்கோட்டில் பேஸ் குத்தும், இரண்டடி தள்ளினால் காணாமல் போகும். ஓரத்தில் நிற்பவருக்குக் கேட்கவில்லை என்று டிஜே ஏற்றுவார், அண்டை வீட்டு ஜன்னல் அதிரும். சப்வூஃபர் உள்ளீடற்ற மரமேடையில் இருந்தால் மேடையே பறையாகிவிடும், கான்கிரீட் தரையில் ரப்பர் விரிப்பின்மேல் வையுங்கள்.

தென்னாப்பிரிக்க ஒலிக் கட்டுப்பாட்டு விதிகளில் சுற்றுப்புறச் சத்தத்தைவிட 7 டெசிபல் கூடினால் அது தொந்தரவு. அளப்பது ‘ஏ’ எடையிட்ட டெசிபலில். அந்த அளவுகோல் பேஸைக் குறைத்துக் காட்டும். ஆகவே மீட்டரில் தப்பினாலும் பக்கத்து வீட்டில் தூக்கம் போயிருக்கலாம். பேஸை அவ்வளவு குறைக்காத ‘சி’ எடையிலும் அளந்து பாருங்கள், எல்லைச் சுவரில் நின்று, இரவு ஒரு மணிக்கு.

உள்ளே இருப்பவர்களின் காதுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்ன உச்சம் 15 நிமிடச் சராசரியில் 100 டெசிபல். இதை டிஜேயின் நல்லெண்ணத்தில் விடாதீர்கள். இரவு ஏற ஏற காது மரத்துப்போகும், மிக்சரின் மீட்டர் சிவப்புக்குப் போகும், ஒலி உடைந்து வரும், இன்னும் ஏற்றுவார்கள். ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் இருக்கும் புராசஸரில், ஒலி ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டரை வைத்துக் கடவுச்சொல்லால் பூட்டுங்கள். முதல் டிஜேயை 90 டெசிபலில் தொடங்கச் சொல்லுங்கள். 92, 95 என்று ஏற இடம் இருந்தால்தான் நள்ளிரவு நள்ளிரவாகக் கேட்கும். பாரில் நிற்பவர் எட்டு மணி நேரம் அங்கே இருக்கிறார். வேலையிடத்தில் 85 டெசிபலைத் தாண்டினால் காதடைப்பான் கொடுப்பது முதலாளியின் கடமை. வருகிறவர்களுக்கும் பாரில் பஞ்சு அடைப்பான் இலவசமாக வையுங்கள், ஆகும் செலவு மிகக் குறைவு.

மின்வெட்டு குறைந்த மாதங்களிலும் திட்டம் இருக்கட்டும். மின்சாரம் போனதும் ஜெனரேட்டர் பிடிக்கும் வரை 10, 15 விநாடி இருட்டும் மௌனமும் இருக்கும். அந்த 15 விநாடியில்தான் பீதி தொடங்கும். வெளியேறும் வழி விளக்குகள் தமக்கான பேட்டரியில் குறைந்தது ஒரு மணி நேரம் எரியவேண்டும். மிக்சருக்கும் ஒரு சிறு ஸ்பீக்கருக்கும் யுபிஎஸ் கொடுத்துவிட்டால் டிஜே உடனே பேசலாம். அதுவும் போனால் பேட்டரி மெகாபோன் ஒன்று டிஜே மேசைக்கு அடியில். ஜெனரேட்டரைப் பின்கதவின் பக்கத்தில் வைக்காதீர்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வெளியேறுகிறவர்கள் வழியிலும் ஏசியின் காற்று இழுக்கும் துளையிலும் நுழையும். அதற்கு மணமே இல்லை.

இசை உரிமம் பற்றிச் சுருக்கமாக: இசையமைத்தவருக்கான உரிமத் தொகையை வாங்குவது சாம்ரோ அமைப்பு, ஒலிப்பதிவுக்கானதை வாங்குவது சாம்ப்ரா அமைப்பு, இரண்டும் தனித்தனி. வாசித்த பாடல்களின் பட்டியலை டிஜேக்களிடம் வாங்கி சாம்ரோவுக்கு அனுப்புங்கள். நீங்கள் கட்டும் பணத்தில் உம்லாசி டவுன்ஷிப்பில் படுக்கையறையில் இசை செய்கிற இளைஞருக்கு ஏதாவது போய்ச் சேர அதுதான் வழி.

பதினெட்டு வயதுக்குக் கீழே யாருக்கும் மது இல்லை. 2022 ஜூன் 26 அன்று தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் நகரில் எனியோபேனி மதுக்கடையில் இறந்த 21 இளையவர்களில் மிகச் சிறியவருக்கு வயது 13. அடையாள அட்டையை வாங்கிப் பிறந்த தேதியைப் படியுங்கள். முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், தெரிந்த வீட்டுப் பிள்ளையானாலும்.

டர்பனின் கோடைப் புழுக்கத்தில் ஆடுகிறவர்களுக்குக் குடிநீர் இலவசமாகக் கிடைக்கட்டும். கழிப்பறைக் குழாயைக் காட்டாமல் பார் மேசையிலேயே ஜாடியில் வையுங்கள். உடம்பு கொதித்து உளறுகிறவரைத் தெருவில் விடாதீர்கள். குளிர்ந்த இடத்தில் உட்கார வைத்து, நினைவு தப்பினால் பக்கவாட்டில் கிடத்தி, 10177-ஐ அழையுங்கள், கைப்பேசியில் 112. அந்த எண்கள் பார், வாசல், டிஜே மேசை மூன்றிலும் ஒட்டியிருக்கட்டும்.

முடிக்கும்போது பாரை 30 நிமிடம் முன்பே மூடுங்கள். கடைசி 20 நிமிடம் வேகத்தையும் பேஸையும் இறக்கி, விளக்கைப் படிப்படியாக ஏற்றுங்கள். திடீரென்று வெளிச்சம் போட்டு இசையை வெட்டினால் 150 பேரும் ஒரே நிமிடத்தில் ஒரே வாசலுக்கு வருவார்கள். வாசலில் ஆள் எண்ணும் கிளிக்கர்கள் இரண்டு, உள்ளே வந்தவர்களுக்கு ஒன்று, போனவர்களுக்கு ஒன்று. ஒவ்வொரு அரை மணிக்கும் வித்தியாசத்தைத் தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள். கடைசியில் வித்தியாசம் 3 என்று வந்தால், கழிப்பறைக் கதவுகளைத் தட்டிப் பார்த்து, சோபாவுக்குப் பின்னால் தேடி, அந்த மூவரையும் கண்டுபிடித்து வண்டி ஏற்றிவிட்ட பிறகு கிரிலைப் பூட்டுங்கள்.