நுவரெலியாவில் டர்போ எதை ஊதும்?

தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய மாமாவிடம் 1965ஆம் ஆண்டு எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருக்கிறது. பாடியில் துரு இல்லை, கதவுகள் ஒழுங்காகப் பூட்டுகின்றன, எஞ்சின்தான் போய்விட்டது. அதற்குச் சாமான் தேடி அலைவதைவிட, கொழும்புப் பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளில், காற்றை அமுக்கி ஊதித் தள்ளும் டர்போ பூட்டிய ஜப்பான் எஞ்சின் ஒன்றை வாங்கி இறக்கினால் என்ன என்று வீட்டில் பேச்சு. கராஜ் பாஸ் மட்டும் தலையாட்டவில்லையாம். "நுவரெலியாவுல காத்தே கம்மி. இல்லாத காத்த டர்போ எங்க இருந்து எடுத்து ஊதப் போகுது?"

பாஸின் சந்தேகத்தைச் சிரித்து ஒதுக்க முடியாது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். கொழும்பில் வளிமண்டல அமுக்கம் சுமார் 101 கிலோபஸ்கால். மேலே போனால் 81ஐ ஒட்டி நிற்கும். காற்றில் ஒட்சிசனின் விகிதம் மாறுவதில்லை, அதே 21 சதவீதம்தான். ஆனால் எஞ்சின் காற்றை எடைபோட்டு வாங்குவதில்லை, கொள்ளளவால் அளந்து வாங்குகிறது. எம்ஜிபியின் எஞ்சின் 1798 சிசி என்றால் எங்கே நின்றாலும் அந்த 1798 சிசிதான். அதற்குள் அடங்கும் ஒட்சிசன்தான் மலை ஏற ஏறக் குறைகிறது. மேலே குளிர் என்பதால் காற்று கொஞ்சம் சுருங்கி, இழப்பில் ஒரு பகுதியை ஈடுகட்டும். அப்படிப் பார்த்தாலும், கடல்மட்டத்தில் 95 குதிரைவலு தந்த எஞ்சின் நுவரெலியாவில் 80ஐ ஒட்டித்தான் தரும். போதாததற்கு, பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேட்டர்கள் கடல்மட்டத்துக்கு ஏற்றபடி சரிசெய்யப்பட்டிருந்தால், மேலே காற்றுக்கு அதிகமாகப் பெற்றோலை ஊற்றிக் கரும்புகை விடவைக்கும்.

டர்போ வளர்ந்ததே இந்தக் குறையைத் தீர்க்கத்தான். சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி 1905இல் அடிப்படைக் காப்புரிமையை எடுத்தார். பிறகு முதலாம் உலகப் போர்க்காலத்தில் விமானங்கள் உயரே போகப் போக எஞ்சின்கள் மூச்சுத் திணறின. 1918இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் சான்போர்ட் மொஸ், லிபர்டி விமான எஞ்சின் ஒன்றை அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு லொறியில் ஏற்றிக்கொண்டு போனார். உயரம் சுமார் 4,300 மீற்றர், நமது பிதுருதலாகலையைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். கடல்மட்டத்தில் 350 குதிரைவலு தந்த அந்த எஞ்சின் உச்சியில் 230தான் தந்தது. டர்போவைப் பூட்டியதும் 356. பாஸின் கேள்விக்கு நூறு வருஷத்துக்கு முந்திய விடை இது.

டர்போவின் அமைப்பு பலருக்குத் தெரிந்திருக்கும். பெற்றோல் எரிந்து வரும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சூடான புகையாக சைலன்சர் வழியே வீணாகிறது. அந்தப் புகை ஒரு சிறிய டர்பைன் சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள கம்ப்ரசர் சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றைத் தாண்டும் வேகம், எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் தண்டு. சரி, இதோடு விட்டுவிடுவோம். எனக்குப் பிடித்த இடம் சக்கரத்தில் இல்லை. பக்கத்தில் தொங்கும் தகர டப்பாவில் இருக்கிறது.

டர்போவைச் சும்மா விட்டால் ஊதிக்கொண்டே போகும். அதிகப் புகை வந்தால் அதிகச் சுழற்சி, அதனால் அதிகக் காற்று, அதனால் இன்னும் அதிகப் புகை. கடைசியில் பிஸ்டன் உடையும். அதைத் தடுக்கத்தான் வேஸ்ட்கேட் என்ற சிறு கதவு. திறந்தால் புகையில் ஒரு பங்கு டர்பைனைத் தொடாமல் நேரே வெளியே போய்விடும். அந்தக் கதவை ஆட்டுவது டப்பாவுக்குள் இருக்கும் ஒரு ரப்பர் சவ்வு. சவ்வின் ஒரு பக்கத்துக்கு டர்போ அமுக்கிய காற்று ஒரு குழாய் வழியே வருகிறது. மறுபக்கத்தில் ஒரு ஸ்பிரிங். அந்தப் பக்கம் வெளிக்காற்றுக்குத் திறந்தும் இருக்கிறது. இந்தத் திறந்த பக்கத்தில்தான் மலையின் சேட்டை.

ஸ்பிரிங்கை 50 கிலோபஸ்காலுக்கு வைத்திருப்பதாக எடுத்துக்கொள்வோம். கொழும்பில் வெளியே 101, ஆகவே உள்ளே 151 வந்ததும் கதவு திறக்கும். நுவரெலியாவில் வெளியே 81 என்பதால் 131 வந்தாலே திறந்துவிடும். டப்பாவுக்குத் தெரிவது இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. மலைப் படிக்கட்டில் நிற்கும் ஒருவரை அவர் நிற்கும் படியிலிருந்து அளப்பதைப் போன்றது அது. எந்தப் படியில் நின்றாலும் அதே உயரம்தான் வரும்; எத்தனையாவது படி என்று அந்த அளவுகோலுக்குத் தெரியாது.

அந்த ஒன்றும் தெரியாத டப்பாவோடு மட்டும் ஓட்டினாலும் நட்டம் குறைவுதான். டர்போ இல்லாத எஞ்சினுக்கு மலையில் கிடைப்பது கொழும்பு அமுக்கத்தில் 80 சதவீதம். டர்போ எஞ்சினுக்கு 151க்கு 131, அதாவது 87 சதவீதம். ஸ்பிரிங் சேர்த்துவிடும் அந்த 50ஐ மலையால் தொட முடியவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மீதியையும் மீட்டுத் தருவதற்கு நவீன எஞ்சினில் இன்னொரு சவ்வு இருக்கிறது. மேப் சென்சர் என்ற விரல்நுனி அளவுச் சாமானுக்குள் மெல்லிய சிலிக்கன் சவ்வு. அதன் ஒரு பக்கத்தில் எஞ்சினுக்குள் போகும் காற்று. மறுபக்கத்தில் ஸ்பிரிங்கும் இல்லை, வெளிக்காற்றும் இல்லை. தொழிற்சாலையில் காற்றை உறிஞ்சி எடுத்து நிரந்தரமாக மூடி முத்திரையிட்ட வெற்றிடம். பூச்சியத்தையே தன்னோடு எடுத்துக்கொண்டு மலை ஏறும் கருவி என்று இதை நான் ரசிப்பதுண்டு. கொழும்போ, ஹட்டனோ, பட்டிப்பொலையோ, 151 என்றால் அதற்கு 151தான்.

எஞ்சினை ஆளும் கணினி, ஈசியு, இந்த அளவைப் பார்க்கிறது. நுவரெலியாவில் 131இல் டப்பா கதவைத் திறக்கப் போகிறது என்று தெரிந்ததும், டப்பாவுக்குப் போகும் குழாயில் உள்ள, மின்சாரத்தில் இயங்கும் சொலினோய்ட் வால்வை நொடிக்குப் பல தடவை திறந்து மூடி, அங்கே போகும் காற்றில் ஒரு பங்கைக் கசியவிடும். டப்பா உணரும் அமுக்கம் உண்மையைவிடக் குறைந்துவிடும். "இன்னும் 50 வரவில்லை" என்று நம்பி அது கதவை மூடியே வைத்திருக்கும். டர்போ 151 வரை ஊதி முடிக்கும். ஏமாற்று வேலைதான், ஆனால் இதைவிட அழகான ஏமாற்றை நான் எஞ்சினில் பார்த்ததில்லை.

மலையும் இதற்கு ஒரு கை கொடுக்கிறது. டர்பைனைக் கடந்த புகை வெளியேறும் இடத்தில் 101 அல்ல, 81தான். பின்னால் தள்ளும் அமுக்கம் குறைவதால் அதே புகை டர்பைனைக் கொஞ்சம் வலுவாகவே சுழற்றும்.

இலவசம் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். 101ஐ 151 ஆக்க ஒன்றரை மடங்கு அமுக்கினால் போதும். 81ஐ 151 ஆக்க 1.86 மடங்கு வேண்டும். சக்கரம் இன்னும் வேகமாகச் சுழல வேண்டும், காற்றும் இன்னும் சூடாகும். கம்ப்ரசரின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், கொழும்பின் 30 பாகைக் காற்று சுமார் 83 பாகையாக வெளியே வரும். நுவரெலியாவின் 15 பாகைக் காற்று 95 பாகையாக வரும். குளிர் ஊரில்தான் சூடான காற்று! அதனால், அமுக்கிய காற்றை ஆற்றும் இன்டர்கூலர் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். நல்ல இன்டர்கூலர் இருந்தால் மேலே வீசும் குளிர்காற்றே அதை ஆற்றிவிடும்.

எந்த எஞ்சின் என்றும் தம்பி கேட்டிருக்கிறார். எம்ஜிபி பின்சக்கரம் தள்ளும் கார், எஞ்சின் நீளவாக்கில் உட்காரும். அதே அமைப்பில் வந்த நிசான் சில்வியாவின் எஸ்ஆர்20டிஈடி பொருத்தமான தெரிவு: 1998 சிசி, அலுமினிய பிளொக், 205 குதிரைவலுவிலிருந்து தொடக்கம். பழைய வார்ப்பிரும்பு எஞ்சினோடு ஒப்பிட்டால் மூக்குப் பாரத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. பழைய காரின் ஆன்மாவைக் கெடுக்கிறீர்கள் என்று யாராவது குறைசொன்னால், எம்ஜி நிறுவனமே 1973இல் இதே பாடிக்குள் ரோவரின் 3.5 லீற்றர் வி8ஐ இறக்கி விற்றது என்று சொல்லுங்கள்.

கியர்பொக்ஸ், டிஃபரன்ஷியல், ரேடியேட்டர் எல்லாம் மாறவேண்டும் என்பது எந்த பாஸுக்கும் தெரியும். தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. 1967க்கு முந்திய எம்ஜிபியில் பட்டரியின் நேர்முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். எதிர்முனை பாடியோடு இணையும் காருக்கென்று செய்த ஈசியுவை அப்படியே பூட்டினால் சாவி திருப்பிய நொடியில் அது கருகிவிடலாம். வயரிங்கை முதலில் மாற்றுங்கள். எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் இருப்பதால் அந்தக் கடதாசி வேலையையும் தள்ளிப்போட வேண்டாம். பிரேக்கில் சிக்கனம் பார்க்கவே வேண்டாம். 95 குதிரைவலுவுக்குச் செய்த பின்சக்கர டிரம்கள் 205ஐத் தாங்கி இறம்பொடை இறக்கத்தில் வருவதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

டர்போவின் அளவு பற்றி என் அபிப்பிராயம் பிடிவாதமானது: சின்னது. பெரிய டர்போ விழித்தெழுவதற்குள் அடுத்த கொண்டை ஊசி வளைவு வந்துவிடும். அதுவரைக்கும் ஓடுவது, பிஸ்டன் காற்றை அமுக்கும் விகிதம் 8.5 மட்டுமே உள்ள, மெல்லிய காற்றில் மூச்சுவாங்கும் ஒரு சாதாரண எஞ்சின்தான். ரதல்லையிலும் மஹகஸ்தோட்டையிலும் மலையேற்றப் போட்டி பார்த்தவர்களுக்கு, வளைவை விட்டு வெளியேறும் அந்த இரண்டு விநாடி எவ்வளவு பெரியது என்று தெரியும். ஆனால் மிகச் சின்னதும் ஆகாது, 1.86 மடங்கை எட்ட அதன் சுழல்வேக எல்லையை முட்டிக்கொண்டு நிற்கும்.

இதை எழுதும்போது ஒரு ஆதங்கம். பேராதனையில் பொறியியல் பீடம் இருக்கிறது. அதன் வாசலிலிருந்து ஏ5 வீதியில் ஏறினால் சில மணித்தியாலத்தில் 1,400 மீற்றர் உயர வித்தியாசம். எஞ்சின்களை உயரத்துக்கு உயரம் அளந்து பார்க்க இதைவிட மலிவான ஆய்வுகூடம் எங்கே கிடைக்கும்? தேயிலைக் கொழுந்து லொறிகளும் பஸ்களும் நம் பிள்ளைகள் நடந்து போகும் பாதையில் எவ்வளவு புகை தள்ளுகின்றன என்று தோட்ட வீட்டு வரிசைகளான லயங்களில் லயத்துக்கு லயம் அளந்து வைத்திருக்க வேண்டும். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆயிரத்தில் ஒரு பங்கைச் சுற்றியே ஆராய்ச்சிக்குச் செலவிடும் நாட்டில் யாரிடம் போய்க் கேட்பது?

புது எஞ்சின் இறக்கியதும் எலுமிச்சம்பழம் நசுக்குவார்கள், இறம்பொடை ஆஞ்சநேயருக்குத் தேங்காய் உடைப்பார்கள். உடைக்கட்டும், தேங்காய் டர்போவைக் கெடுக்காது. ஆனால் சடங்கு போலத் தெரிகிற இன்னொரு வழக்கத்துக்கு நிஜக் காரணம் இருக்கிறது: மலை ஏறி முடித்ததும் ஒரு நிமிடமாவது எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு அணைப்பது. ஏற்றத்தில் டர்பைன் பக்கம் பழுக்கக் காய்ந்திருக்கும். உடனே அணைத்தால் எண்ணெய் ஓட்டம் நின்று, தண்டைச் சுற்றித் தேங்கிய எண்ணெய் கரியாக இறுகும். அந்தக் கரிதான் பிறகு தண்டைத் தாங்கும் பெயாரிங்கைத் தின்னும்.

மாமா டேஷ்போர்டில் ஒரு பூஸ்ட் மீற்றர், அதாவது டர்போ கூட்டும் அமுக்கத்தைக் காட்டும் மீற்றர், பூட்ட ஆசைப்படுவார். டர்போ போட்ட எல்லோருக்கும் அந்த ஆசை வரும். கடைகளில் கிடைக்கும் மலிவானவை அந்தத் தகர டப்பாவைப் போலவே வெளிக்காற்றைப் பூச்சியமாக எடுப்பவை. எஞ்சின் ஒழுங்காக வேலைசெய்தால் கொழும்பில் 50 காட்டிய முள் நுவரெலியாவில் 70 காட்டும். அதைப் பார்த்துப் பதறி யாரும் பூஸ்டைக் குறைக்கக் கூடாது. வெற்றிடத்தைப் பூச்சியமாக எடுத்து முழு அமுக்கம் காட்டும் மீற்றர் கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கண்ணாடியில் 50க்கு ஒன்று, 70க்கு ஒன்று என்று பெயின்ட்டால் இரண்டு கோடு போட்டுக்கொண்டாலும் போதும்.